பெரிய குழல் என்ன சுத்தம்!

என் தங்கை இதுவரை ஜெயித்தவை: சிறு வயது மூச்சிரைப்பு, "ஊதுற வேலையெல்லாம் இவளுக்கு ஆகாது" என்று சொன்ன டாக்டர், கீழ் வீட்டுக்காரர் கொடுத்த போலீஸ் புகார்கள், அம்மாவின் தலைவலி. இன்னும் ஜெயிக்காதது அவளுடைய சொந்த பேக்பைப் ஒன்றுதான்.

எந்நேரமும் அது எங்கள் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தோல் பை. அதில் காற்றை ஊத ஒரு குழல், விரல் வைத்து வாசிக்க ஒரு குழல். இவை போக, தோளில் சாய்ந்துகொண்டு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க மூன்று குழல்கள்: சின்னது இரண்டு, காற்றை அதிகம் குடிக்கும் பெரியது ஒன்று. எல்லாம் சரியாக இருந்தால் இசை வரும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கீழ் வீட்டுக்காரர் வருவார்.

அவளுக்குப் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. அங்கே பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் முழுக்க இங்கே குழல்களின் மூட்டில் சுற்றப்பட்டிருக்கிறது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, குழலுக்குள் போய், அதிர்ந்து ஒலி எழுப்பும் சீவாளியைப் பார்க்கிறது. நூல் இவ்வளவு சீக்கிரம் தீர்வதைப் பார்த்து, ஊரில் எல்லோரும் பல்லை நன்றாகப் பேண ஆரம்பித்துவிட்டதாக அவளுடைய டாக்டர் மகிழ்ச்சியில் இருக்கிறார்.

ரிப்பேர் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "இது இம்ப்ரூவ்மென்ட், அக்கா" என்பாள். பையில் காற்றுக் கசியாமலிருக்க உள்ளே ஒரு பசையைக் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இவள் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"ரெண்டு மடங்கு ஊத்துனா ரெண்டு மடங்கு அடைக்கும்ல?"

மறுநாள் ஒத்திகையில் அந்தப் பசை விரல் துளை வழியாக இறங்கி, மாஸ்டரின் பளபளக்கும் ஷூவில் சொட்டியது.

மாஸ்டர் என்பவர் அவர்கள் பேண்டின் தலைவர். தன் பேக்பைப்பை வெளியூர் மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுப்பார். தானே ஒரு நூலைக்கூடத் தொடமாட்டார். என் தங்கைக்கு 'ரிப்பேரு' என்று பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான். ஷூவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தோ பாரு ரிப்பேரு, ஞாயித்துக்கிழமை போட்டி. உன் பைப் ஒரு தடவ கத்துச்சுன்னாலும் வரிசைல உனக்கு இடம் கிடையாது. கொடியத் தூக்கிட்டு பின்னாடி வா."

அந்த வரிசையில் நிற்க அவள் பல வருடம் காத்திருந்தவள். சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல் சுருதி சேர்த்தாள். சின்னக் குழல்கள் இரண்டையும் சேர்க்கும்போது பெரிய குழல் ஊதக்கூடாது. அதனால் அதன் உச்சி வாயை அடைப்பார்கள். இவள் ரப்பர் கையுறையின் விரலை வெட்டி, பஞ்சைத் திணித்து அடைத்தாள். வேறு யாருக்கு வரும் இந்த யோசனை!

ஞாயிறு காலை போட்டி மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். எப்போதும் தக்காளியாகச் சிவக்கும் முகம் அன்று சிவக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே நடந்தாள். ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. மூன்றாம் பரிசு. ஓடி வந்து என் தோளைக் குலுக்கினாள்.

"அக்கா, பை காத்தே கேக்கலக்கா! தானா வாசிக்குது!"

மாஸ்டரும் வந்தார். எல்லோரும் கேட்கும்படி, "இன்னிக்குத்தான் ரிப்பேரு பைப் பைப்பா இருந்துச்சு. பெரிய குழல் என்ன சுத்தம்! ஒரு அலுங்கல் இல்ல பாரு" என்றார்.

பெருமையோடு தோளிலிருந்து குழலை இறக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். உச்சியில் ஒரு ரப்பர் விரல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இவள் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"மாஸ்டர், அது ஊதவே இல்ல. அடைப்ப எடுக்க மறந்துட்டேன்."

பேண்டில் பெரிய மத்தளம் அடிப்பவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப இவ வரிசைல இருக்காளா, இல்லையா?" என்றார் மத்தளக்காரர்.

"கத்துனாத்தானே போகச் சொன்னேன்? கத்தலையே. இருக்கட்டும்."

"அவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னா உங்க பைப்பையும் அவகிட்டயே குடுங்களேன், மாஸ்டர். அதுக்கும் பை மாத்தணும்னு சொன்னீங்கல்ல?" என்று மத்தளக்காரர் விடாமல் கேட்டார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். 'என்ன சுத்தம்' என்று சொன்ன தன் காதின் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இல்லை.

"குடுத்தா என்ன? குடுக்குறேன்" என்றார், சொத்தைப் பல்லைக் காட்டுகிறவர் போல வாயைக் கோணிக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை அது எங்கள் மேசைக்கு வந்தது. பழைய தோலை உரித்தாள். குழல்களைச் செருகும் மரத்துண்டுகளில், பைக்குள் மறைந்துபோகும் பக்கத்தில், அதற்கு முன் பை கட்டியவர்களின் பெயரும் தேதியும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பென்சிலில் இருந்தன. அது அந்தத் தொழிலில் வழக்கமாம்.

"உன்னோடதுல உன் பேரு இருக்கா?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடியலையே, அக்கா."

புதுத் தோலை வெட்டித் தைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி ஊதிப் பார்த்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். பென்சிலைச் சீவினாள். கடைசிப் பெயருக்குக் கீழே, நாக்கு நுனியைக் கடித்தபடி, தன் பெயரை முழுசாக எழுதினாள். அதன் கீழே தேதி: 16-3-2019.