குன்னத்தில் பத்து மோட்டார்

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. கோயம்பேட்டில் திருச்சி பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பெரம்பலூருக்கு டிக்கெட் எண்பத்தாறு ரூபாய். தூரம் இருநூற்று எழுபது கிலோமீட்டர் சொச்சம். 2004, பிப்ரவரி மாதக் கடைசி. ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர் உண்டே தவிர, மோட்டார் சைக்கிள் என்றால் குலை நடுங்கும். அப்படிப்பட்டவனை மோட்டார் சைக்கிள் ரேஸ் பார்க்க வரச்சொல்லிப் போன் செய்திருந்தான் நிஜாம்.

நிஜாம் திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். பெட்ரோல் வாசம் பட்டால் பசியை மறந்துவிடும் ரகம். ஒருமுறை தேர்வுக்கு முதல் நாள் என்னை ரயிலில் இழுத்துப் போட்டுக்கொண்டு சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனான். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்த வண்டி முன்னால் வருகிறது என்று சொன்னான். நான்கில் மூன்று சரியாக இருந்தது. மறுநாள் தேர்வில் அந்த அளவுக்குக்கூட அவனுக்குச் சரியாக வரவில்லை.

பிறகு வளைகுடாவுக்குப் போய், பாலைவனப் பந்தய வண்டிகளைத் தயார் செய்யும் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தான். போன செப்டம்பரில் விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகாமல் பெரம்பலூரில் ஒரு கடை போட்டுவிட்டான். சாதாரண மோட்டார் சைக்கிளை மண் பாதையில் பந்தயம் ஓடும்படி மாற்றித் தருவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டக் கற்றுத் தருவதும்தான் தொழில். ரேஸ் ஆசையை இப்படிப் பிழைப்பாக்கிக்கொண்டவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பெரம்பலூர். என் பக்கத்தில் உறங்கி வந்த பெரியவர் அரியலூருக்குப் பஸ் மாற இறங்கினார். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்துவிட்ட சமயம் அது. அதைப் பற்றிக் கேட்டேன்.

“போர்டு மாட்டுனாங்க சார், ஒண்ணேகால் வருசத்துல கழட்டிட்டாங்க. ஆணி மட்டும் அப்படியே இருக்கு” என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

நிஜாமின் கடையிலும் போர்டுதான் பிரச்சினை என்பது போய்ப் பார்த்த பிறகு புரிந்தது. அரியலூர் சாலையில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில், சிவப்பு எழுத்தில் ‘நிஜாம் மோட்டார் ஸ்போர்ட்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு மோட்டார் சைக்கிள், அதுவும் பாதி உடம்போடு நின்றது. மற்ற இடத்தையெல்லாம் கிணற்றுப் பம்புசெட் மோட்டார்கள் அடைத்துக்கொண்டிருந்தன. நான் எண்ணியவரை ஆறு.

“என்னடா இது?” என்றேன்.

“நான் துபாய் பக்கமே இருந்துட்டேன்ல மாப்ள, நம்மூரு பாஷை மறந்துபோச்சு. இங்க மோட்டார்னா என்ன? கெணத்து மோட்டார். போர்டு மாட்டுன மறுநாளே குன்னத்துலேருந்து கோவிந்தசாமின்னு ஒருத்தரு எரிஞ்சுபோன மோட்டார மாட்டு வண்டியில வச்சுக் கொண்டாந்துட்டாரு. இது ரேஸ் வண்டிக் கடைங்கன்னேன். மோட்டார்னு போட்டுட்டு மோட்டார் பாக்கமாட்டேன்னா எப்படி பாய்ங்கறாரு. வெங்காயம் காயுதுன்னு மனுசன் அழுவுற மாதிரி நிக்கறாரு. என்ன பண்றது?”

பக்கத்துத் தெருவில், எரிந்த மோட்டாருக்குப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரிடம் நான்கு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அந்த மோட்டாருக்குத் தானே காயில் கட்டிக் கொடுத்திருக்கிறான். அதன் பிறகு வெங்காயக்காரர்களும் பருத்திக்காரர்களும் வரிசை கட்டிவிட்டார்கள். ரேஸ் வண்டிக்கு வந்தவர்கள் ஐந்து மாதத்தில் பதினைந்து பேர்.

பன்னிரண்டரைக்கு அவன் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் வீடு இருக்கும் லப்பைக்குடிகாடு முப்பது கிலோமீட்டருக்கு மேல். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெகுநேரம் காற்றே அடிக்காததால் சந்தேகம் வந்து திறந்து பார்த்தேன். பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“வேகமெல்லாம் டிராக்குலதான்டா. ரோட்டுல ஆடு வரும், மாடு வரும். உன்ன மாதிரி ஆளு வரும்” என்றான். இருபது வருடமாக இவனுக்குப் பயந்ததற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது.

பிற்பகல் இரண்டு மணி. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் ஊர் லப்பைக்குடிகாடு. புது மாடி வீடுகளில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். நிஜாமின் மனைவி ஜமீலா, “வாங்கண்ணே, பஸ்ஸுல வந்ததுல ஒடம்பு வலிக்குதா, இவரு வண்டியில வந்ததுலயா?” என்று கேட்டுக்கொண்டே நெய்ச்சோறும் கறிக்குழம்பும் வைத்தாள். சாப்பிடும்போதுதான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது.

“அன்னைக்கு இவருக்கு ஃபிளைட்டுண்ணே, திருச்சியிலேருந்து. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா விசா செத்துரும்” என்றாள் ஜமீலா.

நிஜாம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“ஆச வேற, பொழப்பு வேறண்ணே. பொண்ணு குடுத்த எங்கத்தாவும் சொல்லிட்டாங்க, நானும் சொல்லிட்டேன். நாளைக்கு ரேஸ் வச்சிருக்கற அந்தக் குன்னத்துக் காட்டுல பத்து மோட்டார் ஓடட்டும். ஓடுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். ஒண்ணு கொறைஞ்சாலும் திங்கக்கெழம ஏறிரணும்.”

குரலில் தயவு தாட்சண்யம் இல்லை. பெரிய பெட்டி ஒன்று சுவரோரம் இருந்தது. சட்டைகளை அழகாக மடித்து அடுக்கியிருந்தாள். ஆனால் மூடி திறந்தே கிடந்தது, அன்று சாயங்காலம் வரைக்கும் அதை யாரும் மூடவில்லை.

ஞாயிறு, காலை எட்டு மணி. குன்னத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், மக்காச்சோளம் அறுத்து முடிந்த கரிசல் காடு நான்கு ஏக்கர். நிஜாம் அதில் மேடும் பள்ளமும் வளைவுமாக ஒரு பாதை போட்டு, பழைய டயர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து ஓரமாக நட்டிருந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் கோவிந்தசாமியின் வெங்காயக் காடும் கிணறும். எரிந்த மோட்டாரோடு முதலில் கடைக்கு வந்த அதே கோவிந்தசாமிதான். ஜமீலா ஒரு வேனில் பிரியாணி தேக்சாவோடு வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தாள்.

எட்டரைக்குத் திருச்சியிலிருந்து முதல் வண்டி வந்தது. ஜமீலா சுண்டுவிரலை மடக்கினாள். ஒன்பதரைக்குள் பெரம்பலூரிலிருந்து மூன்று, சேலத்திலிருந்து இரண்டு. பத்தேகாலுக்கு நாமக்கல் பையன்கள் மூன்று பேர் வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது விரல் மடங்கிவிட்டது. பத்தாவது ஆள் கரூர்க்காரர். அவரிடமிருந்து நிஜாமின் செல்போனுக்கு அழைப்பு வந்தது. பாடாலூரில் செயின் அறுந்து நிற்பதாகவும் திரும்பிப் போவதாகவும் சொன்னார். நிஜாம் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜமீலா இருந்த பக்கம் பார்க்காமல் நடந்தான்.

அதோடு போகவில்லை. ஒத்திகைக்கு ஒரு சுற்று விட்டதும் புழுதி கிளம்பி வேப்பமரமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. தண்ணீர் தெளிப்பதற்கு வர வேண்டிய டேங்கர் ஏதோ கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டதாம். ஓட்டியவர்கள் இருமிக்கொண்டே ஒவ்வொருவராக ஓரங்கட்டினார்கள்.

“முன்னாடி போறவன் முதுகே தெரியலண்ணே. இதுல ஓட்டுனா எலும்புதான் மிஞ்சும்” என்று சேலத்துக்காரர் ஒருவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். நிஜாம் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். ரேஸ் நடக்க வேண்டும் என்று நான் என் வாழ்நாளில் முதன்முறையாக ஆசைப்பட்டது அப்போதுதான்.

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தசாமி மெதுவாக வந்தார்.

“பாய், பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் வந்துரும். நம்ம மோட்டாரப் போட்டு அடிச்சுவுட்டா அடங்கிரும்.”

“வெங்காயத்துக்குப் பாயுற தண்ணியாச்சேங்க?”

“வெங்காயம் ஒரு நாளு பொறுத்துக்கும். நீங்க நாளைக்குப் போயிருவீங்களாமே. மறுபடியும் காயில் எரிஞ்சா நான் எங்க தூக்கிட்டு அலையறது?”

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். கிணற்று மோட்டார் ஓட மூன்று பேஸ் மின்சாரமும் வர வேண்டும். அது நாளில் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் வரும். வந்ததா என்று தெரிந்துகொள்ள மோட்டார் கொட்டகை வாசலில் மூன்று குண்டு பல்பு தொங்கவிட்டிருப்பார்கள். மூன்றும் பளிச்சென்று எரிந்தால் மோட்டாரைப் போடலாம்.

பதினோரு மணி ஆயிற்று. பல்புகள் எரியவில்லை. பதினொன்று பத்து ஆயிற்று. ஒன்பது பேரும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகை முன்னால் நின்றார்கள். நானும் நின்றேன். பிரியாணியைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோழவரத்தில் பந்தயம் தொடங்கும் நிமிடத்தில் கூட்டம் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதினொன்று இருபதுக்கு ஒரு பல்பு மினுங்கியது. அடுத்தது எரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவதும் எரிந்தது.

கோவிந்தசாமி ஸ்டார்ட்டரைப் போட்டார். மோட்டார் முனகி, பிறகு சீராகச் சுற்றியது. நிஜாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கல்லூரி நாளில் பார்த்த அதே முகம்.

“பேரிங் சுத்தமா இருக்கு” என்றான். பிறகு சட்டென்று எழுந்து, “சேறாக்கிடாதீங்கப்பா, தெளிச்சாப் போதும். கரிசல், சக்கரத்துல அப்பிக்கும்” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

பன்னிரண்டு மணிக்குள் புழுதி அடங்கிவிட்டது. ரேஸைப் பற்றி நான் எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வண்டிகள் மேட்டில் ஏறி ஆகாயத்தில் நின்று இறங்கின, நான் பாதி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்பது வரை சொல்லலாம். குன்னத்துச் சனம் இருநூறு பேருக்குக் குறையாமல் வரப்பில் நின்று விசில் அடித்தது. பெரம்பலூர்ப் பையன் ஒருவன் ஜெயித்தான். இறங்கியவர்கள் எல்லோரும் நிஜாமைச் சூழ்ந்துகொண்டு, அடுத்த ஞாயிறு உண்டா, என் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றித் தருவீர்களா என்று கேட்டார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு நடந்தான். முகமெல்லாம் கரிசல் மண்ணோடு வேப்பமரத்தடிக்கு வந்து நின்றான்.

“ஒன்பதுதான் வந்துச்சு ஜமீலா” என்றான்.

ஜமீலா தேக்சாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு எண்ணத் தெரியலையா? ஒன்பது வண்டி. அங்க ஓடுது பாருங்க ஒண்ணு. பத்து மோட்டார்னுதான் சொன்னேன், பத்து வண்டின்னா சொன்னேன்? நீங்கதானே போர்டுல அப்படி எழுதி வச்சிருக்கீங்க.”

கொட்டகைக்குள் கோவிந்தசாமியின் மோட்டார் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. நிஜாம் அதைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடியும் அதைப் பார்த்தான்.

“பத்துங்க” என்றாள் அவள் மறுபடியும். “போய் மொகத்தக் கழுவிட்டு வாங்க. கோவிந்தசாமி அண்ணனையும் சாப்பிடக் கூப்பிடுங்க.” பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு ஏதும் அங்கே எரியவில்லை. பதினோரு வருடம் அவள் தனியாகக் கழித்ததை அந்த நிமிடம் வரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நிஜாம் என்னை அரியலூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். சென்னைக்கு இரண்டாம் வகுப்பு எழுபது ரூபாய். அன்று சாயங்காலம் விமானத்தில் இருக்க வேண்டியவன் பிளாட்பாரத்தில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி அதிகாலையிலேயே ஏஜென்ட்டுக்குப் போன் செய்துவிட்டானாம்.

“போர்ட மாத்திருவியா?” என்று கேட்டேன்.

“ஒரு எழுத்தத் தொட்டாலும் வூட்டுக்கு வராதீங்கன்னுட்டா” என்றான், அவ்வளவு சந்தோஷமாக.

ரயில் அரை மணி தாமதம். சென்னையில் என் குடியிருப்புக்கு வந்து மூன்று மாடி ஏறியபோது மணி மூன்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“வந்துட்டீங்களா? குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. அப்படியே கீழ போய் மோட்டாரப் போட்டுட்டு வந்துருங்க.”

பையை வாசலில் வைத்துவிட்டு மறுபடியும் மூன்று மாடி இறங்கினேன். சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் சீராக ஓட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன்.

“பதினொண்ணு” என்றேன்.