பிரெய்லினுக்குச் சேராத மணிநேரம்

எங்கள் ஓடையோரத்தில் கடைசி வீடு பிரெய்லினுடையது. சுரங்கம் மூடினதும் வேலை தேடி ஒஹையோவுக்குப் போன அப்பன் போனவன்தான். அம்மா டீனாவுக்கு இடுப்பு போய்விட்டது. இந்தப் பெண்ணுக்கு ஒரே ஆசை: முடி திருத்துகிற உரிமம் வாங்கணும், அழகு நிலையத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி வேணும்.

எங்கள் கென்டக்கி மலையில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை மத்தியானம் மஞ்சள் பேருந்தில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிற்பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். சிலருக்கு வெல்டிங், இவளுக்குத் தலைமுடி. உள்ளே போகும்போதும் வரும்போதும் அட்டையைத் தேய்க்கணும். அப்படிப் பதிவாகிற பயிற்சி மணிநேரம் அரசாங்கம் சொன்ன அளவுக்கு நிறைந்தால்தான் உரிமத் தேர்வு. பள்ளி முடிவதற்குள் நிறைந்தால் செலவில்லை. இல்லாவிட்டால் லெக்சிங்டன் நகரத்தில் காசு கட்டித் தனியார் பள்ளி. டீனா வீட்டை விற்றாலும் அதற்குப் பத்தாது.

கடைசி வருஷம் ஜனவரி முழுக்கப் பனி, பேருந்து மலையேறவில்லை. அப்புறம் ஓடை பொங்கிப் பாலத்தைக் கொண்டுபோனது. கணக்கும் சரித்திரமும் காகிதக் கட்டாக வீட்டுக்கு வந்தன. எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கு வந்த மாதிரி. தலைமுடிக்கு அது செல்லாது. டீச்சர் கண்ணெதிரே, அந்தக் கூரைக்குக் கீழே வெட்டினால்தான் மணி ஏறும்.

"பொம்மைத் தலையில வெட்டிப் படம் எடுத்து அனுப்பினேன் அத்தை. ஆகாதாம்," என்றாள் பிரெய்லின் என்னிடம்.

"யாரு சொன்னா?"

"மாநிலத் தலைநகர்ல இருக்கிறவங்க."

"அவங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலையாக்கும்."

அந்த வெள்ளத்தில்தான் என் தங்கை ஓர்ஃபா போய்ச் சேர்ந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம், உயிரோடிருந்தபோது முடி அலங்காரம் செய்தவளே சவப்பெட்டியில் வைக்கும்போதும் செய்யணும். ஓர்ஃபாவுக்குச் செய்கிற வில்மா அக்கரையில் மாட்டிக்கொண்டாள். நான் பிரெய்லினைக் கூப்பிட்டேன்.

"பயமா இருக்கு அத்தை."

"கடிக்க மாட்டாடீ. கடிக்கிறதெல்லாம் உயிரோட இருந்தப்பதான்."

சிரித்துவிட்டு உள்ளே போனாள். கழுவி, சுருள் வைத்து, பின்மண்டை வழுக்கையை மூடி, ஓர்ஃபா சர்ச்சுக்குப் போகிறபோது நெற்றியில் விழும் வளைவைக்கூட அப்படியே கொண்டுவந்தாள்.

துக்கம் கேட்க, தொழிற்பள்ளியில் முடிவேலை சொல்லிக்கொடுக்கிற ரோர்க் டீச்சர் ரப்பர் பூட்ஸோடு மலையைச் சுற்றி வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

"யாரு செஞ்சது?"

"உன் பொண்ணுதான். மணிக்கணக்குல ஏத்திக்கோ."

"முடியாது ஜெல்ஃபா அத்தை. செய்யும்போது நான் பக்கத்துல இல்ல."

"இப்ப இருக்கியே. கலைச்சிட்டு மறுபடி செய்யச் சொல்லவா?"

பின்னால் யாரோ சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரெய்லின் என் கையை இழுத்தாள். "விடுங்க அத்தை. ஓர்ஃபா அத்தை முன்னால வேணாம்."

"அவ இருந்திருந்தா என்னைவிடச் சத்தம் போட்டிருப்பா."

"மாட்டேன்னு சொல்லல, முடியாதுன்னு சொல்றேன்," என்றாள் டீச்சர். "இந்தக் கூரை செல்லாது. பொய்யா ஏத்தினா மத்த பிள்ளைங்க மணியையும் ரத்து பண்ணிடுவாங்க." அழுதாள். கைக்குட்டை கொடுத்தேன்; ஆனால் நான் சொன்னது சொன்னதுதான், இன்றைக்கும் சொல்வேன்.

பாலம் போட்டதும் சாயங்காலம், சனிக்கிழமை என்று பாராமல் கதவு பூட்டும்வரை அந்தப் பெண் அங்கேயே கிடந்தாள். டீச்சரும் கூடவே இருந்தாள். அப்படியும் மணி நிறையவில்லை. மே மாதம் பிரெய்லின் நீல அங்கி போட்டு உயர்நிலைப் பள்ளிப் பட்டம் வாங்கினாள், டீனா அழுதாள், நாங்கள் கேக் தின்றோம். திங்கட்கிழமை தொழிற்பள்ளிக்குப் போய் அட்டையைத் தேய்த்தாளாம். கதவு திறக்கவில்லை. பள்ளி முடித்தவள் மாணவி இல்லையாம்.

இப்போது பெட்ரோல் பங்கை ஒட்டின கடையில் கோழி பொரித்து விற்கிறாள். போன வாரம் அங்கே வரிசையில் நின்று கேட்டேன்.

"என் சமையலறையில உட்கார்றேன், எனக்கு மட்டும் வெட்டி விடேன்டீ."

"உரிமம் இல்லாம தொட்டேன்னு யாராவது சொல்லிட்டா அப்புறம் எப்பவுமே தரமாட்டாங்க அத்தை."

"யாரு சொல்லப்போறா?"

"உங்க தலையப் பாத்தாலே என் வேலைன்னு தெரியும். காலா, நெஞ்சா? எது வேணும்?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். கால் என்றேன். பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.