கதவோரத்துச் சப்பாத்து

பல்கலைக்கழகக் கோப்பின்படி, லேசர் பாதுகாப்பு அலுவலர் என்பவர் "நெருக்கடியிலும் பதறாதவர், மனத்திடம் மிக்கவர்." அந்தப் பதவியில் இருக்கும் லோகேஸ்வரி, குக்கர் விசிலடித்தால் சமையலறையை விட்டு ஓடிவிடுவார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேலைக்கு வரும்போது நகரும் படிக்கட்டில் கால் வைக்கவே அவருக்கு இரண்டு நிமிடம் வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், வேலையிடத்தில் அவர் பயத்துக்கு நியாயம் இருந்தது. அங்கே, தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கே உள்ள அலுமினியத் தகட்டின்மேல் லேசர் துடிப்பு விழும். விழுந்த இடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை உதறிவிட்டு பிளாஸ்மா ஆகிவிடும். அந்த பிளாஸ்மா, வந்த ஒளியில் ஒரு பங்கை முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் திருப்பி வீசும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. பார்வை போன பிறகுதான் அது பட்டதே தெரியும்.

ஆகவே ஒரு விதி. லேசர் அறைக்கு உள்ளே போகிறவர் வெளியே உள்ள பலகையிலிருந்து தன் பெயர் அட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். வெளியே வந்ததும் மாட்டவேண்டும். எல்லா அட்டையும் தொங்கினால்தான் லேசரைச் சுடலாம்.

அன்று அமைச்சிலிருந்து விருந்தினர் வந்திருந்தார்கள். தொழில்நுட்பர் சின்னையாவுடையது உட்பட ஐந்து அட்டைகளும் தொங்கின. ஆய்வகத் தலைவர் சுகுமாறன் பொத்தானைத் தட்ட, திரையில் இருபதிலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கின. லோகேஸ்வரி கதவோரம் பார்த்தார். உள்ளே போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றி வைக்கும் இடம் அது.

"டாக்டர், சின்னையா அண்ணன் சப்பாத்து இங்க கெடக்கு."

"அட்டை மாட்டியிருக்கே லா."

"அட்டை இருக்கு. ஆள் எங்க?"

"உள்ள போடுற சிலிப்பரோடயே கேன்டீன் போயிருப்பாரு. போன வாரமும் அப்படித்தானே போனாரு? கெஸ்ட் முன்னாடி மானத்த வாங்காதீங்க, ஆன்டி."

விருந்தினர் ஒருவர் சிரித்தார். இந்த ஆண்டே இரண்டு முறை ஒன்றுமில்லாததற்கு லேசரை நிறுத்திப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் லோகேஸ்வரி. நிறுத்தினால் மறுபடி ஆயத்தமாக இரண்டு மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு. பதினொன்று. லோகேஸ்வரியின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

எண்கள் ஏழில் நின்றன.

கதவு திறந்தது. பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இல்லாமல் நெற்றியில் இருக்க, கையில் ஸ்பேனரோடு சின்னையா வந்தார். "இத உள்ள விட்டுட்டேன்மா. அரை நிமிஷ வேலை, அதுக்குப் போய் மறுபடியும் அட்டைய எடுக்கணுமான்னு..." சொல்லிக்கொண்டே போனவர், எல்லாருடைய முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்றைய அறிக்கையில் "தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைப்பு" என்று எழுதினார்கள். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: லோகேஸ்வரி பயந்தார், லேசரை நிறுத்தினார்.