எங்கள் களத்துக்குக் குரோக்கே வந்த கோடை

எங்கள் ஊர் குரோக்கே சங்கம் எப்படித் தொடங்கியது என்று யாராவது கேட்டால், ஊர்க்காரர்களுக்கு விளையாட்டின் மேல் இருந்த ஆர்வத்தால் என்று சித்தப்பா கூசாமல் சொல்வார். இப்போது அரூரிலிருந்து வாத்தியார்களும் வங்கியில் வேலை செய்பவர்களும் சாயங்காலத்தில் பைக்கில் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் அதை நம்புகிறார்கள். முதல் நாளிலிருந்து கூடவே இருந்தவள் நான். ஆர்வம் என்று எதையும் அங்கே பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இருந்ததெல்லாம் பயம். அதிலும் பெரும்பங்கு என்னுடையது.

அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. நிலம் பாகம் பிரிந்தபோது கிணறும் களமும் மட்டும் பொதுவில் நின்றுவிட்டன. மோட்டார் போடுவது யார் முறை என்று ஒருநாள் காலையில் தகராறு முற்றி, பெரியப்பா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வீசினார். காம்பு அப்பாவின் நெற்றியில் பட்டது. நான் வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ரத்தம் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியதையும், அப்பா அதைத் துடைக்காமல் பெரியப்பாவையே பார்த்ததையும் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் கையை உயர்த்தினாலும், பரணில் இருக்கும் முறத்தை எடுக்கத்தான் என்றாலும், நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன்.

அந்தக் காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவசரம் என்றால் மாட்டிடம் சொல்வார்கள். “ஏய், நாளைக்கு நம்ம முறையாம், கேட்டுக்க” என்று அப்பா எருமையைப் பார்த்துக் கத்துவார். எதிர் வீட்டில் பெரியப்பா கேட்டுக்கொள்வார். அம்மாவும் பெரியம்மாவும் குழாயடியில் குடத்தைப் பார்த்தபடி நிற்பார்கள்.

சித்தப்பா இந்த நிலைமைக்குள்தான் வந்து இறங்கினார். பெங்களூரில் ஒரு பெரிய கிளப்பில் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. முழங்கால் வலி தாங்காமல் விட்டுவிட்டு வந்தார். வரும்போது ஒரு சாக்குமூட்டை கொண்டுவந்தார். அந்த கிளப்பில் புதுசு வாங்கியதால் கழித்துக் கொடுத்தது. உள்ளே நீளக் கைப்பிடி போட்ட மரச்சுத்திகள், நான்கு நிறத்தில் நான்கு கனமான பந்துகள், வெள்ளை பூசிய கம்பி வளைவுகள். வளைவுகளைத் தரையில் நட்டு, பந்தைச் சுத்தியால் தட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் புகுத்திக்கொண்டு போகவேண்டும். முதலில் முடிப்பவர் ஜெயித்தவர்.

ஆடுவதற்குச் சமமான இடம் என்று ஊரில் இருந்தது நிலக்கடலை காயப்போடும் எங்கள் களம் ஒன்றுதான். அதுவும் பாகம் பிரியாத சொத்து. சித்தப்பா ஒருவேளை எங்கள் வீட்டிலும் மறுவேளை எதிர் வீட்டிலும் சாப்பிடுகிறவர் என்பதால் இரண்டு இடத்திலும் அனுமதி கேட்டார்.

“கம்பிய நட்டுட்டு நாளைக்கு எடமே எங்களுதும்பாங்க. நானும் வந்து நிக்கறேன்” என்றார் அப்பா.

பெரியப்பாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். சங்கத்தின் முதல் இரண்டு உறுப்பினர்கள் இப்படித்தான் சேர்ந்தார்கள்.

ஆளுக்கொரு சுத்தி, ஆளுக்கு இரண்டு பந்து. சித்தப்பா நடுவர், மொழிபெயர்ப்பாளரும் அவரே. “அவர் பந்தத் தள்ளி வெக்கச் சொல்லு” என்று அப்பா சொல்வார். மூன்றடி தள்ளி நிற்கும் பெரியப்பாவிடம் சித்தப்பா அதைத் திரும்பச் சொல்வார். “முடியாதுன்னு சொல்லு” என்று பதில் அதே வழியில் வரும்.

சுத்திகளைப் பார்த்த அன்றே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ களத்துலயே இரு. யாராச்சும் கைய ஓங்குனா நிக்காத, வூட்டுக்கு ஓடியா” என்றாள். பள்ளி விட்டு வந்ததும் நான் போய் வைக்கோல் போர் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். பந்து எந்த வளைவுக்குள் போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சுத்தி எவ்வளவு உயரம் போகிறது என்றுதான் பார்த்தேன். முழங்கால் வரை போனால் மூச்சு விடுவேன். இடுப்பைத் தாண்டினால் பாவாடையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. நம் பந்து எதிராளியின் பந்தைத் தொட்டுவிட்டால், இரண்டையும் ஒட்டி வைத்து, நம் பந்தைக் காலால் மிதித்துக்கொண்டு ஓங்கி அடிக்கலாம். நம்முடையது அங்கேயே இருக்கும், அடுத்தவருடையது பறந்துவிடும். பெரியப்பாவுக்குக் கடைசி வளைவு மட்டும் பாக்கி இருந்த ஒரு சாயங்காலம் அப்பா அதைச் செய்தார். செருப்பில்லாத காலால் தன் பந்தை அழுத்திக்கொண்டு ஓர் அடி. பெரியப்பாவின் சிவப்புப் பந்து களத்தைக் கடந்து வேலிமுள்ளுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

பெரியப்பா பந்தை எடுக்கப் போகவில்லை. அப்பாவைப் பார்த்து நடந்து வந்தார். சுத்தி தோளுக்கு மேலே இருந்தது.

நான் ஓடினேன். மரவள்ளிக் கொல்லைக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். “அம்மா, பெரியப்பா அப்பாவக் கொல்லப்போறாரு” என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அம்மா தீவனத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். எதிர் வீட்டிலிருந்து பெரியம்மா அவிழ்ந்த தலையோடு வெளியே வந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓட, பின்னால் நான்.

வேலிக்கு வெளியே வரும்போதே சத்தம் கேட்டது.

“கால வெச்சு மிதிச்சிகிட்டு அடிக்கறதெல்லாம் ஒரு ஆட்டமாடா?”

“நேத்து நீ என்ன பண்ணே? என் பந்த வரப்பு வரைக்கும் தள்ளல?”

“அது தானா உருண்டுதுடா!”

“தானா உருளுமா? நாயத்தப் பேசுண்ணா!”

சுத்தி பெரியப்பாவின் கையில் ஆடிக்கொண்டிருந்தது. இருவர் மூக்கும் இடித்துக்கொள்ளும் தூரத்தில் நின்றார்கள். அப்பாவின் தழும்பு சிவந்திருந்தது. சித்தப்பா சாக்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் வராதீர்கள் என்பதுபோல் மெதுவாகக் கையைக் காட்டினார்.

அம்மா நின்றுவிட்டாள். “போய்த் தடும்மா” என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். பெரியம்மா மண்ணிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“பேசிக்கறாங்க பாரு, புள்ள” என்றாள்.

“ஆமாக்கா” என்றாள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

நான் அவள் கையை விலக்கி, பேசவில்லை, சண்டைதான் போடுகிறார்கள் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பெரியவர்கள் எல்லோரும் கூடி அப்பாவைச் சாகவிட முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்து, வேலிக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.