தையல் மெஷின் எண்ணெய்

புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அன்று அவள் கையில் ஒரு துணிப்பையும் ஒரு கருவிப் பெட்டியும்தான் இருந்தன. துணிப்பையை அண்ணன் வாங்கி உள்ளே வைத்தார். பெட்டியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கும் அவளைத் தெருவே ‘திருப்புளி’ என்றுதான் கூப்பிட்டது. அண்ணனுக்கு முன்னறையில் தையல் கடை. ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த மேஜைதான் அவளுக்குச் சோறு, மானம், எல்லாம்.

இப்போது அதற்கே ஆபத்து. அவள் சரிசெய்து கொடுத்த இரண்டு கேமராக்கள் அடுத்தடுத்து ஷட்டர் சிக்கித் திரும்பி வந்துவிட்டன. வெயிலில் பழைய கிரீஸ் உருகி இறங்கியிருக்கும், நாம்தான் சரியாகக் கழுவவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அந்த இடத்தில் இன்னொரு தையல் மெஷின் போடலாமென்று அண்ணி வேறு காத்திருந்தாள்.

“இன்னொண்ணும் திரும்பி வந்தா மேஜையை எடுத்துடும்மா. என் கடைப் பேரும் சேர்ந்துல்ல கெடுது” என்று அண்ணன் சாந்தமாகத்தான் சொன்னார். அந்தச் சாந்தம்தான் அவளைச் சுட்டது.

இன்று காலை வேன் டிரைவர் தன் அப்பாவின் கேமராவை வாங்கிப்போக வந்து நின்றார். நேற்று மாலை அலுக்கும்வரை அழுத்திப் பார்த்து வைத்த கேமரா. அவர் முன்னால் பொத்தானை அழுத்தினாள். பொத்தான் இறங்கியது. லென்ஸுக்குள் ஷட்டர் தகடுகள் அசையவே இல்லை.

“என்னக்கா, தூங்குதா?” என்றார் டிரைவர்.

அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே குறுக்கிட்டார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. பாவம், அதுக்குக் கை முன்ன மாதிரி இல்ல.”

கழுதை வயசான தங்கை இன்னும் ‘அது’.

பல்லைக் கடித்துக்கொண்டு முன்பக்கத்தைக் கழற்றினாள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய தகடுகளின் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. நேற்று பெட்ரோலில் கழுவிக் காயவைத்தவை. கிரீஸ் தொட்டே வைக்கவில்லை. காகிதத்தால் ஒற்றி விரலில் தேய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடியது, நிறமே இல்லை. தையல் மெஷின் எண்ணெய்.

அந்தத் தகடுகள் வறண்டிருந்தால்தான் ஓடும். ஒரு சொட்டு பட்டாலும் நனைந்த காகிதம்போல ஒட்டிக்கொள்ளும். ஆனால் தையல்காரருக்கு எது சத்தம் போட்டாலும், எது சிக்கினாலும், ஒரே வைத்தியம்தான்.

அவள் அந்தக் காகிதத்தை அண்ணனிடம் நீட்டினாள். “அண்ணா, இதுல எண்ணெய் விட்டது யாரு?”

“எனக்கென்னம்மா தெரியும்? நீதான் ஞாபகமறதியா விட்டிருப்ப.”

“அந்த ரெண்டுலயும் நான்தானா?”

“ஆளு முன்னாடி எதுக்கு இதெல்லாம்? உள்ள போய்ப் பேசிக்கலாம்.”

“ஆளு முன்னாடிதானே என் கையைக் குறை சொன்னீங்க. ஆளு முன்னாடியே சொல்லுங்க.”

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அண்ணி நூலைக் கடித்துத் துப்பினாள்.

“அவருதான் விட்டாரு. நேத்து நீ குளிக்கப் போனப்ப. கரகரங்குதுன்னாரு. அந்த ரெண்டுலயும் இதே வேலைதான். என் மெஷினையும் இப்படித்தான் நோண்டினாரு, தச்ச சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. கேட்டா எனக்குத் தைக்கத் தெரியலையாம்.” அவள் நாத்தனாரை நேராகப் பார்த்தாள். “உன் மேஜை போகணும்னு நினைச்சவதான் நான். இப்படிப் போக வேணாம்.”

அண்ணனின் கண் கலங்கியது. “நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன்.”

“தெரியாம விட்டீங்க, சரி. படுத்தா தூக்கம் வராம, கை நடுங்குதான்னு நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன் அண்ணா. இப்பக் கேட்டப்பகூட என் தலையிலதானே கட்டினீங்க?”

அவளுக்கும் கண்ணீர் முட்டியது. அவர் முன்னால் அழுவதைவிடச் சாகலாம் என்று குனிந்து தகடுகளைக் கழுவினாள். டிரைவர் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். தகடுகள் காய்ந்ததும் மூடித் திருகிப் பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் சடக்கென்று திறந்து மூடியது. அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“திரும்ப ஏதாவது ஆச்சுன்னா இங்கதானே வரணும்?”

“இங்கதான். இந்த ஜன்னலுக்குத்தான்.”

அவர் போனதும் அண்ணன் மெல்ல வாய் திறந்தார். “மேஜை இருக்கட்டும்மா.”

“இருக்கும். இருக்கட்டும்னு நீங்க சொல்ல வேண்டாம்.”

அவள் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கேமராக்களை உள்ளே வைத்து மேஜை இழுப்பறையைப் பூட்டினாள்.