போர்வைக்கு மேலால் எண்ணிய மூச்சு

நான் கொஞ்சம் சிடுமூஞ்சித் தாதிதான். பிள்ளைகள் வார்டுக்குப் புதிதாக வரும் தாதிகளை உறுக்க என்னிடம் ஒரே பாட்டுத்தான் இருக்கிறது: சட்டையைக் கழற்று, நெஞ்சைப் பார், முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணு. பிரொங்கியோலைட்டிஸ் வந்த குழந்தைக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் சளியால் அடைத்துவிடும். விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபடுகிறதா, மூக்கு விரிகிறதா, பால் எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துத்தான் நோய் மெல்லியதா கடுமையானதா என்று எழுதவேண்டும். மெசின் காட்டும் ஒக்சிஜன் அளவு மட்டும் போதாது. இவ்வளவையும் வாய் கிழியச் சொல்லுகிற நான் அன்றைக்கு ஒன்றையும் செய்யவில்லை.

இந்த வெளிநாட்டு நகரத்தில் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு தமிழ்த் தாய், நாலு மாதப் பெண் குழந்தையோடு வந்திருந்தார். காலையில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஊரில் எவடம் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய சித்தி எங்கள் வீட்டு ஒழுங்கையில்தான் கலியாணம் முடித்திருந்தாராம். பிறகென்ன, பத்து நிமிடம் ஊர்க்கதை. குழந்தை போர்வைக்குள் நித்திரை. சட்டையைக் கழற்றக் கை வைத்தபோது, இரண்டு நாளாகக் கண் மூடாத பிள்ளை இப்போதுதான் அயர்ந்தது, எழுப்பவேண்டாம் என்று கெஞ்சினார். வேறு ஒருவர் என்றால் சமாதானம் சொல்லிவிட்டுக் கழற்றியிருப்பேன். ஊர்க்காரியிடம் முகம் முறிக்க எனக்கு மனம் வரவில்லை. போர்வை ஏறி இறங்குவதைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினேன். மெல்லியது என்று பதிந்தேன். வெட்கக்கேடு.

ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் போர்வையை விலக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. குழந்தை அயர்ந்து கிடந்தது நித்திரையால் அல்ல, மூச்சு எடுத்து எடுத்துக் களைத்துப்போய். மூக்கில் குழாய் வைத்து ஒக்சிஜனைக் கூட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். நெஞ்சைத் திறந்து பார்க்கவில்லை என்று டொக்டரிடம் அன்றைக்கே சொன்னேன். இந்த நோய் சட்டென்று மாறும், இனிக் கவனம் என்றார். சட்டென்று மாறும் என்ற அந்தச் சாக்கை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். தாயிடம் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து நாட்களின் பின் குழந்தை வார்டுக்குத் திரும்பி வந்தது. போத்தல் பாலை மிச்சமில்லாமல் குடித்தது. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தாய் என் கையைப் பிடித்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, நீங்கள் போன பிறகு பிள்ளையின்ரை வயிறு ஒரு மாதிரி உள்ளை உள்ளை இழுத்தது. பெல் அடிக்கத்தான் கையைக் கொண்டு போனனான். பிறகு, எங்கடை ஊர்ப் பிள்ளை நீங்கள்தானே பாத்திட்டுப் போனனீங்கள், ஒண்டும் இராது எண்டு விட்டிட்டன். என்ரை பிழைதானே?"

"இல்லை அக்கா, உங்கடை பிழை இல்லை."

அப்படியானால் யாருடைய பிழை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு நல்ல மனசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையை எடுக்காமல் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.