தெருவில் நின்று எடுத்த படங்கள்

புது லென்ஸ் வாங்கும் பரபரப்பில், எந்த லென்ஸை அதிகம் பயன்படுத்துகிறேன் என்று பார்க்க, என் படங்களுக்குள் பதிவாகியிருந்த விவரங்களைக் கணினியில் அலசினேன். ஏறக்குறைய எல்லாமே தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் லென்ஸில் எடுத்தவை. பத்திரிகைப் படக்காரனுக்கு அது வழக்கம்தான். ஆனால் மகளின் படங்களும் அப்படியே இருந்தன.

எட்டிப் பார்த்த மனைவி சிரித்தாள். “சேக்காட்டுல நம்ம ஊடு இத்துனூண்டு. உள்ளேர்ந்து இந்த லென்ஸ்ல எடுக்க முடியுமா? தெருவுல நின்னுகினுதான எடுத்துகீறே?”

உட்கார முடியவில்லை. கிட்டத்தில் இருப்பதை எடுக்கும் சிறிய லென்ஸை மாட்டிக்கொண்டு மகளின் அருகே போனேன்.

“இன்னா நைனா, மூஞ்சில மோதிடுவே போல கீதே!” என்றாள். ஆனால் நகரவில்லை.

அவள் புருவத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. எப்போது விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவே கூச்சமாக இருந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.